ஊருணி வரத்துக்கால் ஆய்வுக் குறிப்பு: இறுதிப் படிக்கு முன் திருத்தங்களை எந்த வரிசையில் செய்வது?

வரத்துக்கால் (காரைக்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை இறுதியாண்டு மாணவி. கள ஆய்வு செய்து, அதன் அடிப்படையில் ஓர் அலுவலருக்குப் பரிந்துரைக் குறிப்பு எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் ஒரு பகுதி. கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் ஊருணியை (குடிநீர்க் குளத்தை) நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஊருணியை மீண்டும் தூர்வாரி ஆழப்படுத்துவதைவிட, தெருக்களிலிருந்து மழைநீரை அதற்குக் கொண்டுவரும் வரத்துக்கால்களைச் செப்பனிடுவதே முதலில் செய்ய வேண்டிய வேலை என்பது என் முடிவு. குறிப்பு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதப்படுகிறது. வரைவு முடிந்து, வழிகாட்டிப் பேராசிரியரின் கருத்துகளும் உடன் படிக்கும் இருவரின் கருத்துகளும் வந்துவிட்டன. இம்மாதக் கடைசிக்குள் இறுதிப் படியை ஒப்படைக்க வேண்டும்.

பேராசிரியர் சொன்னவற்றுள் முதன்மையானது, பரிந்துரை பதினோராம் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது என்பது. அதுவரை செட்டிநாட்டின் வரலாறு, அங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்கள், பர்மா வணிகம், வீடுகளின் அமைப்பு ஆகியவை வருகின்றன. அடுத்ததாக, சில எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். முதியோர் சிலரின் நேர்காணலை வைத்து ஊர் முழுமைக்கும் பொதுவாக எழுதியிருப்பதையும் சுட்டியிருக்கிறார். வரம்போ ஆறு பக்கம். வரைவோ அதைப் போல மூன்று மடங்கு. உடன் படிப்பவர்களில் ஒருவர் வரலாற்றுப் பகுதியை இன்னும் விரிக்கலாம் என்கிறார், 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டதை எழுதினால் குறிப்புக்குக் கனம் கூடும் என்பது அவர் வாதம். மற்றவர் அந்தப் பகுதியை அடியோடு நீக்கச் சொல்கிறார்.

சட்டப் பின்னணிக்காக, 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தை எடுத்துக்காட்டி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். முன்பு நடந்த தூர்வாரும் பணியின் மதிப்பீட்டுத் தொகையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவற்றையெல்லாம் எந்த வரிசையில் கையில் எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பழைய கோப்பு (தேவகோட்டை) எழுதியது:

அம்மா, ஊரக வளர்ச்சித் துறை அலுவலகங்களில் கோப்பு பார்த்தே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு வந்த கருத்துகளை, வந்த வரிசையிலோ பக்க வரிசையிலோ திருத்தத் தொடங்காதீர்கள். முதல் பக்கத்திலிருந்து சொற்களைச் சீர்செய்துகொண்டு போனால், நான்காம் நாள் நீக்கப்போகிற பத்தியை முதல் நாள் அழகுபடுத்திக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் ஒரு வெள்ளைத் தாளில், அந்த அலுவலர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்களோ அதை மட்டும் எழுதிப் பாருங்கள். "வரத்துக்கால்களைச் செப்பனிட வேண்டும்" என்பது விருப்பம்தான், கோரிக்கை ஆகாது. எந்தத் தெருவில் தொடங்கி எந்த இடம் வரையுள்ள கால், எந்தப் புல எண்ணில் (சர்வே எண்ணில்) வருகிறது, யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அங்கே அவர் செய்ய வேண்டியது அளவீடா, அடைப்பு நீக்கமா, மதிப்பீடு தயாரிக்கச் சொல்வதா என்ற அளவுக்கு வந்தால்தான் அது கோரிக்கை. இதை எழுத முயலும்போதே உங்கள் வரைவில் எது தேவை, எது தேவையில்லை என்பது பெரும்பாலும் தானாகப் பிரிந்துவிடும். பர்மா வணிகம் இந்தத் தாளில் எங்கும் வராது. அந்த அலுவலருக்குப் பர்மாவால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. யுனெஸ்கோ பட்டியலை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், அதுவும் உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் குறிக்கப்பட்ட ஊர்களுள் ஒன்றா என்று பார்த்த பிறகு.

இப்போது சட்டப் பத்திக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் உள்ளது சொல் திருத்தம் இல்லை, அடித்தளத் திருத்தம். 2007-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் நிருவாகத்திலும் உள்ள ஏரிகளைப் பற்றியது. சிற்றூர் ஊருணி பொதுவாக ஊராட்சியின் பொறுப்பில் இருப்பது. ஆகவே அந்தச் சட்டத்தின்மேல் நீங்கள் கட்டியிருக்கும் வாதம், படிக்கும் அலுவலரின் முதல் பார்வையிலேயே விழுந்துவிடும். அதோடு மற்றப் பக்கங்களின் மீதும் அவருக்கு நம்பிக்கை குறையும். அதற்குப் பதிலாக, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் புலப்படத்தையும் முன்னிறுத்துங்கள். இரண்டையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்க முடியும். ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பு குறித்து ஒரு மேற்கோள் வேண்டுமானால், 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகள் அனைத்துக்கும் இட்ட உத்தரவு பொருந்தும். ஆனால் உங்கள் களத்தில் ஆக்கிரமிப்பு உண்மையில் இருந்தால்தான் அதுவும் தேவை. வெறும் மண் அடைப்புக்கு உச்ச நீதிமன்றத்தை அழைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வரத்துக்கால் ஊருணிக்கு வரும் வழியில் ஒரு கண்மாயின் கலுங்கு வழியே வெளியேறும் உபரித் தண்ணீரோடு சேர்கிறதா என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, நாற்பது எக்டேருக்குக் குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறது என்றால் அந்தக் குழாய்ப் பாலம் வேறொரு துறையுடையது. வட்டார வளர்ச்சி அலுவலரால் செய்ய முடியாத ஒன்றை அவரிடம் கேட்கும் குறிப்பு, மறுநாளே "உரிய துறைக்கு அனுப்புக" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடும். அவரால் ஆவதை அவரிடம் கேளுங்கள். மற்றதற்கு, உரிய துறைக்கு எழுதும்படி அவரைக் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் உண்டு. அது உங்கள் கடைசி நாளைத் தாண்டிப் போகும். மனுவைப் போடுங்கள், அதில் தடையில்லை. ஆனால் அந்தத் தொகையை நம்பி எந்தப் பத்தியையும் கட்டாதீர்கள். பொதுவாகவே, திருத்தங்களில் பிறர் கையை எதிர்பார்ப்பவை எவை, நீங்களே மேசையில் உட்கார்ந்து முடிக்கக்கூடியவை எவை என்று முதலில் பிரித்துவிட வேண்டும். ஊராட்சிச் செயலரைப் பார்ப்பது, நேர்காணல் தந்தவரிடம் மீண்டும் கேட்பது, கால் போகும் வழியை இன்னொரு முறை நடந்து பார்ப்பது ஆகியவை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டியவை. பக்கம் குறைப்பதை எந்த இரவிலும் செய்துகொள்ளலாம்.

---

மழைமானி (புதுவயல்) எழுதியது:

மேலே ஐயா சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன், ஒரே ஒரு மாற்றத்தோடு. கோரிக்கையை எழுதி முடித்த கையோடு, அந்தக் கோரிக்கையைத் தாங்கி நிற்கும் ஒற்றைச் சான்று எது என்று தேடிப் பார்க்க வேண்டும். உங்கள் முடிவு ஓர் ஒப்பீடு: தூர்வாருவதைவிடக் கால்களைச் சீர்செய்வது முந்தியது என்கிறீர்கள். தூர்வாரினால் ஊருணியின் கொள்ளளவு கூடும், கால்களைச் சீர்செய்தால் வரத்து கூடும். இப்போதிருக்கும் கொள்ளளவே நிரம்பாமல் கிடக்கிறது என்றால், அதைக் கூட்டுவதால் பயனில்லை என்று காட்டலாம். மாறாக, ஆண்டுதோறும் நிரம்பி வழிந்து, பிறகு கோடையில் வற்றுகிறது என்றால் உங்கள் பரிந்துரை தலைகீழாகிவிடும். ஆகவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், அதாவது மார்கழி கடைசியிலோ தை முதலிலோ, நீர் படித்துறையின் எத்தனையாவது படியில் நின்றது என்பதுதான் இந்தக் குறிப்பின் உயிர். அது உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் மற்றத் திருத்தங்களை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதைத் தேட வேண்டும். கோவில் விழா, திருமணம் போன்றவற்றில் எடுத்த பழைய ஒளிப்படங்களில் ஊருணிப் படிகள் தெரிவது உண்டு. தேதி தெரிந்தால் அவையும் சான்றே.

எண்களைப் பற்றி வரைவைப் பார்க்காமல் முழுவதும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வகைக் குறிப்புகளில் வழக்கமாகத் தடுமாற்றம் வரும் இடம் கூரை நீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நானூறு சதுர மீட்டர் ஓட்டுக்கூரை, ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் பெருக்கினால் 3,60,000 லிட்டர் வரும். இதை அப்படியே "ஒரு வீட்டிலிருந்து ஊருணிக்குச் செல்லும் நீர்" என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டில் ஊறுவது, தெறிப்பது, சிறு தூறலில் ஓடாமலே காய்வது ஆகியவற்றைக் கழிக்க 0.8 என்ற கெழுவைக் கொண்டாலே அது 2,88,000 ஆகிவிடுகிறது. அதன் பிறகும், கூரையின் எந்தச் சரிவு வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்குள்) இறங்குகிறது, எந்தச் சரிவு வெளியே இறங்குகிறது, வளவுக்குள் விழுந்த நீரில் எவ்வளவு வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது என்ற கேள்விகள் நிற்கின்றன. அந்த 900 மில்லிமீட்டரும் நீண்ட காலச் சராசரியே ஒழிய, நீங்கள் களத்தில் நின்ற ஆண்டின் மழை அன்று. எனவே "அதிகபட்சமாக இவ்வளவு நீர் கூரையிலிருந்து கிடைக்கக்கூடும், அதில் ஊருணியை அடையும் பங்கு அளக்கப்படவில்லை" என்று எழுதுவதே நேர்மையான வாக்கியம். படிக்கும் பொறியாளரும் அதைத்தான் நம்புவார். சதுர அடியையும் சதுர மீட்டரையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.

எண்களின் மூலத்தைச் சரிபார்க்க ஒரு வழி: வரைவில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் வெளியே எடுத்து ஒரு எக்செல் தாளில் போட்டு, எதிரே அது நீங்கள் அளந்ததா, யாரேனும் சொன்னதா, அச்சில் இருந்து எடுத்ததா, எந்த ஆண்டுக்குரியது என்று நிரப்புங்கள். நிரப்ப முடியாத எண்ணை நீக்கிவிடலாம், பெரும்பாலும் அதனால் குறிப்புக்கு எந்த இழப்பும் வராது. செட்டிநாட்டு ஊர்களின் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றாறு என்றும் எழுபத்தைந்தை ஒட்டியும் வெவ்வேறு விதமாக எழுதுகிறார்கள், முன்பு இருந்தவை எத்தனை, இப்போது நகரத்தார் வாழ்பவை எத்தனை என்பதைப் பிரிக்காததால் வரும் குழப்பம் அது. உங்கள் கோரிக்கைக்கு இந்த எண்ணே வேண்டாம். காரைக்குடியோடு ஒப்பிடும் வரி ஏதேனும் இருந்தால், அது 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது என்பதையும், கையில் இருக்கும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு பழைய நகராட்சி எல்லைக்குரியது என்பதையும் மறக்க வேண்டாம்.

---

கீழவளவு (கோட்டையூர்) எழுதியது:

தங்கச்சி, மற்றவர்கள் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நேர்காணல் தந்தவர்களின் பெயரை மறைத்து, வீட்டை "விலாசத்தின்" (குடும்பப் பெயர்களின்) முதலெழுத்துகளால் குறித்திருந்தால், நம் ஊரில் அது மறைத்ததே ஆகாது. வேறு ஊர்களில் மூன்று எழுத்துப் போட்டால் யார் என்று தெரியாமல் போகலாம், இங்கே அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் தெருவில் போகும் பிள்ளைகூட வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் பல, நாலைந்து பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஒரு பங்காளி காரைக்குடியில் இருப்பார், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். வளவு மூலையில் மழைநீர் இறங்கும் கல் துவாரத்தைப் பூசி அடைத்தது யார் என்ற பேச்சு உங்கள் குறிப்பில் ஒரு வரியாக இருக்கும், அவர்களுக்கு அது பங்காளிகள் கூடி முன்னோரை வழிபடும் அடுத்த படைப்பு வரைக்கும் நீளும் வழக்கு. அந்தக் குறிப்பு அரசு அலுவலகக் கோப்பில் சேர்ந்த பிறகு யார் படிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆகவே "வீடு 1, வீடு 2" என்று போட்டு, தெருப் பெயரையும் எடுத்துவிட்டு, அளவை மட்டும் கொடுங்கள். முகப்பு தெரியும் படங்களும் வேண்டாம். துவாரத்தையும் காலையும் நெருக்கத்தில் எடுத்த படம் போதும்.

முதியோர் சொன்னதைப் பொதுமைப்படுத்தியதாகப் பேராசிரியர் குறித்திருப்பதற்கு, அந்தப் பேச்சையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. "இந்த ஊரின் எல்லா வீட்டு மழைநீரும் ஊருணிக்கே சென்றது" என்று நீங்கள் எழுதியிருந்தால், அதை "மேற்கு வரிசையில் வசிக்கும் மூத்தவர்கள், தங்கள் வீட்டு வளவு நீர் மூடிய கால் வழியே தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் சென்றதை நினைவுகூர்ந்தனர், கிழக்கு வரிசையில் இதைக் கேட்டறியவில்லை" என்று மாற்றினால் போதும். பார்த்தவர் சொன்னதா, கேட்டவர் சொன்னதா என்பதையும் பிரியுங்கள். எங்கள் ஆயா சொல்வார் என்று தொடங்கும் பேச்சும், நான் குடம் எடுத்துப் போனேன் என்று தொடங்கும் பேச்சும் ஒன்றல்ல. பெண்களிடம் கேட்டீர்களா? ஊருணித் தண்ணீர் எந்த மாதம் வரை வந்தது என்பதை, குடம் சுமந்தவர்களைவிடத் துல்லியமாகச் சொல்பவர் யாரும் இல்லை.

---

வரத்துக்கால் (காரைக்குடி) எழுதியது:

ஐயா, மழைமானி அவர்கள், ஆச்சி, மூவருக்கும் மிக்க நன்றி.

மார்கழிக் கடைசியில் எடுத்த படித்துறைப் படம் என்னிடம் இருக்கிறது. செம்புராங்கல் படிகளில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர் நிற்கிறது, மேலே உள்ள படிகளில் பழைய நீர்க்கோடு தனியே தெரிகிறது. அதை மற்றப் படங்களோடு பின்னிணைப்பில் வைத்திருந்தேன். இப்போது அது முதல் பக்கத்துக்கு வருகிறது, கோரிக்கைக்கு நேர் கீழே. ஆனால் ஓர் ஆண்டின் படம் போதாது என்று எனக்கே தோன்றுகிறது. எனவே இந்த வாரம், முன்பு பேசிய வீடுகளுக்கே போய், வேறு ஆண்டுகளில் தை மாதத்தில் தண்ணீர் எந்தப் படியில் நின்றது என்று கேட்கப் போகிறேன். முன்பு ஆண்களிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன்; ஆச்சி சொன்னபடி குடம் எடுத்தவர்களிடமும் கேட்பேன். அதே பயணத்தில் ஊராட்சி அலுவலகத்தில் அ-பதிவேட்டு விவரத்தை ஒப்பிட்டுக்கொள்வேன்.

சட்டப் பத்தி முழுவதும் போகிறது. ஆக்கிரமிப்பு என்று சொல்லத்தக்கது களத்தில் ஓரிடத்தில் மட்டும், அதுவும் ஐயத்துக்குரியதாக இருப்பதால், நீதிமன்றத் தீர்ப்பையும் இப்போதைக்குச் சேர்க்கவில்லை. கூரைக் கணக்கில் கழிவு எதுவும் சேர்க்கப்படவில்லை. அதைத் திருத்தி, "அதிகபட்சமாக" என்ற சொல்லோடு அட்டவணைக்குக் கீழே வைக்கிறேன். வரலாற்றுப் பகுதியில் இரண்டு பத்திகளை மட்டும் வைத்துக்கொள்ள எண்ணுகிறேன். ஐயா முழுவதும் நீக்கச் சொல்கிறார் என்று புரிகிறது. ஆனால் தெருக்கள் ஊருணியை நோக்கிச் சரிவாக அமைக்கப்பட்டவை என்பதைச் சொல்லாமல், கால்கள் ஏன் அந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை விளக்க முடியாது. அது வரலாறு என்பதைவிட அமைப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். எங்கள் பாடத்துறை ஆய்வுமுறை பற்றி ஒரு பக்கம் கட்டாயம் கேட்கிறது. அலுவலருக்கு அது தேவையில்லை. இரண்டுக்கும் எப்படி இடம் கொடுப்பது?

---

பழைய கோப்பு (தேவகோட்டை) எழுதியது:

தெருச் சரிவு பற்றிய பத்தி இருக்கட்டும், அம்மா. நான் நீக்கச் சொன்னது பர்மாவைத்தான். முடிந்தால் அந்தச் சரிவைச் சொல்லோடு நிறுத்தாமல், கையால் வரைந்த ஒரு கிடைப்படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். பத்தி தானாகவே பாதியாகும்.

ஆய்வுமுறைப் பக்கத்தைக் கடைசிப் பக்கமாக வையுங்கள். முதல் பக்கத்தில் அதற்கு இரண்டு வரி போதும்: எந்த மாதங்களில் களத்துக்குச் சென்றீர்கள், எத்தனை வீடுகள் அளக்கப்பட்டன, எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று. பேராசிரியர் கடைசிப் பக்கத்தைத் தேடிப் படிப்பார், அலுவலர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். இருவருக்கும் குறை இருக்காது.

மதிப்பெண்ணுக்குப் பிறகு உண்மையாகவே அலுவலகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்தப் படியில் மேலே "பொருள்", "பார்வை" என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் வரியில் ஊராட்சியின் பெயரும் ஊருணியின் புல எண்ணும் வரட்டும். முந்தைய கடிதங்களைச் சுட்டும் பார்வை வரியில், தூர்வாரும் பணி பற்றி நீங்கள் போடப்போகும் தகவல் மனுவின் தேதியைக் குறிப்பிடுங்கள். ஊராட்சித் தலைவருக்கு ஒரு நகலை நேரில் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றிய அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் கைப்படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.